டொக்கென்று அடிக்கும் டிரைவ் ஷாஃப்ட்: வீட்டிலேயே சரிசெய்ய ஒரு வழிகாட்டி

ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாற்றினால் வண்டிக்கு அடியில் ‘டொக்’ என்று ஒரு அடி. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தால் இன்னொரு அடி. பிக்கப் டிரக், சின்ன லோடு வண்டி என்று எஞ்சின் முன்னாலும் இழுவை பின் சக்கரத்திலும் உள்ள எந்த வண்டிக்கும் இது என்றாவது வரும். வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கியர் பாக்ஸுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஓடுகிற நீளக் குழாயை, அதாவது டிரைவ் ஷாஃப்டை. குறிப்பாக அதன் முனைகளில் இருக்கும் யூ-ஜாயிண்டுகளை.

ஜாயிண்டை மாற்றுவது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு நல்ல வைஸ், சாக்கெட் செட், சுத்தியல், பொறுமை இருந்தால் ஒரு விடுமுறை நாளில் முடித்துவிடலாம். ஜாயிண்ட்தான் காரணம் என்று உறுதிப்படுத்துவதுதான் பலர் தாவிக் குதித்துவிடும் இடம். சத்தம் கேட்டதும் புது ஜாயிண்ட் வாங்கி வந்து மாட்டுவார்கள், சத்தம் அப்படியே இருக்கும். அதனால் இங்கே கணிசமான பகுதி கண்டுபிடிப்பதைப் பற்றித்தான், ஸ்பேனர் அப்புறம்தான் வரும்.

உள்ளே என்ன இருக்கிறது

யூ-ஜாயிண்டின் நடுவில் கூட்டல் குறி வடிவில் ஓர் இரும்பு, அதைக் கிராஸ் என்பார்கள். அதன் நான்கு கைகளிலும் ஒவ்வொரு கப் மாட்டியிருக்கும், கப்புக்குள் ஊசி மாதிரி மெல்லிய உருளைகள் சுற்றிலும் வரிசையாக நிற்கும். கிரீஸ் இருக்கிறவரை பிரச்சினை இல்லை. சீல் கிழிந்து தண்ணீர் புகுந்தால் கிரீஸ் போய்விடும், ஊசிகள் துருப்பிடிக்கும், கிராஸின் கையில் ஊசிகள் பதிந்து பள்ளம் விழும். அப்போது கப்புக்கும் கைக்கும் நடுவில் விழும் இடைவெளி மயிரிழை அளவுதான், ஆனால் எஞ்சினின் முறுக்கு திசை மாறும்போதெல்லாம் அந்த இடைவெளியைத் தாண்டி வந்து மோதுகிறது, நடுவில் இருக்கும் வெற்றுக் குழாய் அந்தச் சத்தத்தை மேளம் மாதிரி பெருக்கிக் கொடுக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் மாட்டும்போது தேவைப்படும். சாய்வாக வேலை செய்யும் யூ-ஜாயிண்ட் ஒரே சீரான வேகத்தைக் கடத்தாது. ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடி இரண்டு தடவை குறையும். சாய்வு 10 டிகிரி இருந்தால் வேகம் கூடுவதும் குறைவதும் தலா கிட்டத்தட்ட ஒன்றரை சதவீதம். ஷாஃப்டின் மறுமுனையில் உள்ள ஜாயிண்ட் இதற்கு நேர்மாறாக ஏறி இறங்கி இதைச் சமன் செய்துவிடுகிறது. ஆனால் இரண்டு முனையிலும் உள்ள யோக்குகள் (கப்புகளைத் துளைகளில் பிடித்திருக்கும், இரண்டு காது உள்ள கவைகள்) ஒன்றுக்கொன்று தொழிற்சாலையில் வைத்த அதே நிலையில் இருந்தால்தான் இது நடக்கும். ஷாஃப்டைக் கழற்றி ஸ்ப்லைனில் (ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும், நீளவாக்கில் பல் வெட்டிய இணைப்பு) ஒரு பல் மாற்றிச் செருகிவிட்டாலும், சத்தத்துக்காக வேலை பார்த்தவருக்கு அதிர்வு இலவசமாகக் கிடைக்கும்.

சத்தத்தை எப்படிக் கேட்பது

மெதுவாகப் போகும்போது ‘கீச் கீச்’ என்று ஒரு சத்தம் வந்து, அதன் தாளம் வண்டியின் வேகத்தோடு கூடினால் ஜாயிண்டில் கிரீஸ் வற்றிவிட்டது. பெரும்பாலும் இதுதான் முதல் அறிகுறி. கிரீஸ் அடிக்காமலேயே கீச்சு நின்றுவிட்டால் சந்தோஷப்பட வேண்டாம், அடுத்து வருவது டொக்காக இருக்கலாம்.

கியர் விழும்போதும் ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போதும் ஒரே ஒரு அடி கேட்டால் எங்கேயோ தளர்வு இருக்கிறது. அது ஜாயிண்டாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனாலும் வேறாகவும் இருக்கலாம்.

வண்டி நின்ற பிறகு ஒரு நொடி கழித்தோ, நின்ற வண்டி நகர ஆரம்பிக்கும்போதோ ஒரு அடி கேட்டால் ஸ்லிப் யோக்கைப் பாருங்கள். பின் ஆக்ஸில் மேலும் கீழும் ஆடும்போது ஷாஃப்ட் நீண்டு சுருங்க வேண்டும், அதற்காகத்தான் அந்த ஸ்ப்லைன். அது காய்ந்துபோனால் இறுகிப் பிடித்துக்கொண்டு, திடீரென்று வழுக்கி டொக்கென்று அடிக்கும். ஜாயிண்டை மாற்றாமலே, சுத்தம் செய்து கிரீஸ் வைத்தாலே இது போய்விடும். ஸ்பிரிங் பட்டையை ஆக்ஸிலோடு கட்டியிருக்கும் யூ-போல்ட் தளர்ந்திருந்தாலும் இதே மாதிரிதான் கேட்கும்.

லோடோடு கிளம்பும்போது வண்டியின் தரை முழுக்க உதறினால், அதுவும் உங்களுடையது இரண்டு துண்டு ஷாஃப்டாக இருந்தால், நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கலாம். பின்னாலிருந்து ஊளையிடுவது மாதிரி சத்தம் வந்து, காலை எடுத்தால் சுருதி மாறினால், அது டிஃப்ரென்ஷியல் (பின் ஆக்ஸிலின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) சமாசாரம். அதை வீட்டுத் தரையில் படுத்துக்கொண்டு தொட வேண்டாம்.

அடியில் படுப்பதற்கு முன்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். சமதளமான, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்துங்கள். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டை வையுங்கள். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஆக்ஸில் குழாய்க்கு அடியில் வண்டியின் எடையைத் தாங்கக்கூடிய ஸ்டாண்டுகள் இரண்டு கொடுத்து இறக்குங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் வேண்டாம், அவை எச்சரிக்கையே இல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் வண்டியை ஒரு தடவை நன்றாகத் தள்ளிப் பாருங்கள். ஆட வேண்டியது நீங்கள் வெளியே நிற்கும்போதே ஆடட்டும்.

புதியவர்களுக்குத் தெரியாத இடம் ஒன்று உண்டு. கியரில் போட்டிருந்தாலும், ஆட்டோமேட்டிக்கில் பார்க்கில் வைத்திருந்தாலும், வண்டியைப் பிடித்து நிறுத்துவது டிரைவ் ஷாஃப்ட் வழியாகத்தான். ஷாஃப்டைக் கழற்றிய நொடியில் அந்தப் பிடி போய்விடும். சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக்கின் டிரம்மே கியர் பாக்ஸின் பின்னால் ஷாஃப்டின் மேல்தான் இருக்கிறது, அப்படியானால் ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்தே போய்விடும். அதனால் கட்டை என்பது கூடுதல் பாதுகாப்பு இல்லை, அந்த நேரத்தில் வண்டியைப் பிடித்திருப்பதே அதுதான். கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், துரு நேராகக் கண்ணில்தான் விழும்.

தளர்வு எங்கே என்று பிடிப்பது

கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். பின் சக்கரங்கள் அந்தரத்தில் இருப்பதால் ஷாஃப்டைக் கையால் சுற்ற முடியும். ஒரு கையால் டிஃப்ரென்ஷியல் பக்கத்து யோக்கை இறுகப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஷாஃப்ட் குழாயை முன்னும் பின்னும் முறுக்குங்கள். இரண்டும் சேர்ந்தே அசைந்தால் அந்த ஜாயிண்டில் தளர்வு இல்லை, நீங்கள் உணர்வது டிஃப்ரென்ஷியலின் பல் இடைவெளி. அது கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும். க்ரௌனுக்கும் பினியனுக்கும் (உள்ளே ஒன்றையொன்று கடிக்கும் பெரிய, சின்னப் பல்சக்கரங்கள்) நடுவிலேயே பொதுவாக 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை விட்டுத்தான் பொருத்துவார்கள், மற்ற பற்களின் இடைவெளியும் சேர்ந்து ஷாஃப்டில் சில டிகிரி ஆட்டமாகத் தெரியும். ஒன்று அசைய மற்றது நின்றால், தளர்வு கண்ணுக்குத் தெரியாமல் கைக்கு மட்டும் தெரிந்தாலும் சரி, அந்த ஜாயிண்ட் முடிந்தது.

அப்புறம் ஒரு கடப்பாரையோ நீள ஸ்க்ரூ டிரைவரோ எடுத்து ஜாயிண்டுக்குப் பக்கத்தில் கொடுத்து ஷாஃப்டை மேலே நெம்பிப் பாருங்கள். கப்பைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் துருத்தூள் படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. முன் ஜாயிண்டுக்கும் இதே பரிசோதனை. இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் சென்டர் பேரிங்கின் ரப்பரை நெம்பி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

டிஃப்ரென்ஷியல் பக்கத்துப் பினியன் யோக்கை மேலும் கீழுமாக ஆட்டினால் ஆடுகிறதா? ஆடினால் பினியன் பேரிங் போயிருக்கிறது. அங்கே உள்ள பெரிய நட்டைப் பார்த்ததும் நாலு சுற்று இறுக்கிவிடலாம் என்று கை பரபரக்கும், வேண்டாம். அந்த நட்டின் இறுக்கம்தான் பேரிங்குகளின் முன் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. அளவு தெரியாமல் இறுக்கினால் பேரிங் எரியும். அந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கியர் பாக்ஸ் மவுண்டையும் ஒரு பார்வை பாருங்கள். ரப்பர் பிய்ந்திருந்தால் கியர் விழும்போது பெட்டியே எழும்பி விழும், அதுவும் டொக்குதான். இதைக் கியர் மாற்றிச் சோதிக்கிறேன் என்று எஞ்சின் ஓடும்போது அடியில் படுக்காதீர்கள், எஞ்சினை நிறுத்திவிட்டு நெம்பிப் பார்த்தாலே போதும்.

கழற்றுவது

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் பெயிண்ட் மார்க்கர். பின் யோக்கும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு, முன் ஃபிளாஞ்சில் (போல்ட் போட்டுச் சேரும் தட்டு) ஒரு கோடு, ஸ்லிப் யோக் ஸ்ப்லைனில் நுழையும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒரு கோடு. எல்லாவற்றையும் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக் கட்டியால் போட்ட கோடு துரு எண்ணெய் பட்டதும் அழிந்துவிடும்.

போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள், முடிந்தால் முந்தின நாள் இரவே. ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்கும் வகை என்றால் அதைப் போட்டுக்கொண்டு, கியரிலும் வைத்தால் ஷாஃப்ட் சுற்றாமல் நிற்கும். அடுத்த போல்ட்டுக்கு நியூட்ரல் போட்டு, பிரேக்கை விட்டு, ஷாஃப்டைத் திருப்பி, மறுபடி பூட்டிக்கொள்ளுங்கள். ரிங் ஸ்பேனரையோ சாக்கெட்டையோ மட்டும் பயன்படுத்துங்கள். வாய் திறந்த ஸ்பேனர் இந்த இறுக்கத்துக்கு வழுக்கும், போல்ட்டின் தலை உருண்டுவிட்டால் அன்றைய நாள் அதோடு சரி.

பின் முனை விடுபட்டதும் ஷாஃப்டைக் கொஞ்சம் முன்னால் நெம்பினால் ஸ்லிப் யோக் உள்ளே போய் இடம் கொடுக்கும். கப்புகள் பட்டையாலோ சின்ன யூ-போல்ட்டாலோ கட்டப்பட்ட வகை என்றால், பிடி விட்டதும் இரண்டு கப்பும் கீழே உருண்டு ஊசிகளைச் சிதறும். நல்ல நிலையில் உள்ள ஜாயிண்ட் என்றால் இன்சுலேஷன் டேப்பால் சுற்றி வையுங்கள். ஷாஃப்டை ஒரு முனையில் மட்டும் தொங்கவிடாதீர்கள், ஜாயிண்ட் அளவுக்கு மீறி மடங்கிக் கெட்டுப்போகும், கயிறு கட்டித் தாங்குங்கள். ஷாஃப்ட் நினைப்பதைவிடக் கனமானது, நெஞ்சின் மேல் வாங்கிக்கொள்ளாமல் இருக்க ஒரு ஆள் துணைக்கு இருந்தால் நல்லது.

முன் முனை ஸ்லிப் யோக்காக நேரே கியர் பாக்ஸுக்குள் போகும் வண்டிகளில் அதை உருவியதும் கியர் எண்ணெய் வழியும். பின்பக்கம் உயரமாக இருப்பதால் கொஞ்சம் குறையும், ஆனாலும் ஒரு தட்டை அடியில் வைத்து, வாயில் கனமான பிளாஸ்டிக் பையை ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். சென்டர் பேரிங் உள்ள வண்டியில் அதன் போல்ட்டுகளைக் கடைசியில் கழற்றுங்கள். பிராக்கெட்டுக்கு மேல் மெல்லிய தகடுகள் இருந்தால் அவை குப்பை இல்லை, ஷாஃப்டின் சாய்வுக் கோணத்துக்காக வைத்தவை. எது எங்கே இருந்ததோ அங்கேயே திரும்பப் போக வேண்டும்.

வெளியே எடுத்த பிறகு இரண்டு ஜாயிண்டையும் கையால் மெதுவாக எல்லாப் பக்கமும் மடக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு இடத்தில் பள்ளத்தில் விழுவதுபோல் தட்டுப்பட்டால், அடியில் இருந்தபோது இறுக்கமாகத் தெரிந்திருந்தாலும் அதுவும் போனதுதான். ஒன்றை மாற்றும்போது மற்றதையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்பது என் கட்சி. ஷாஃப்டைக் கழற்றுவதுதான் சலிப்பான வேலை, அதை இரண்டு தடவை செய்ய யாருக்கு ஆசை?

பழைய ஜாயிண்டை வெளியேற்றுவது

புது ஜாயிண்ட் வாங்கும்போது வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பழையதன் கப் விட்டம், எதிரெதிர் கப்புகளின் வெளி அகலம் இரண்டையும் காலிப்பரால் அளந்து, சர்க்ளிப் (கப் நழுவாமல் பிடிக்கும் வளையக் கிளிப்) யோக்கின் வெளிப்பக்கம் உட்காருகிறதா உள்பக்கமா என்று பார்த்துக் கொண்டுபோங்கள்.

சர்க்ளிப் வராமல் அடம்பிடித்தால் பள்ளத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிவிட்டு, கப்பின் மேல் லேசாக ஒரு தட்டு தட்டி உள்ளே தள்ளுங்கள், கிளிப்பின் மேல் உள்ள அழுத்தம் குறைந்து சுழல ஆரம்பிக்கும். தேடித் தேடிப் பார்த்தும் கிளிப்பே இல்லை என்றால் குழம்ப வேண்டாம். சில தொழிற்சாலை ஜாயிண்டுகளில் கிளிப்புக்குப் பதிலாகப் பள்ளத்தில் பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்தியிருப்பார்கள். யோக்கைச் சூடாக்கினால் பிளாஸ்டிக் இளகிச் சின்ன ஓட்டை வழியாக வெளியே வரும், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

இப்போது வைஸ். கப்பைவிடச் சின்ன சாக்கெட் ஒரு பக்கம், கப் முழுசாக உள்ளே போகும் அளவு பெரிய சாக்கெட் மறுபக்கம். இறுக்கினால் சின்னது தள்ள, எதிர்ப்பக்கத்துக் கப் பெரிய சாக்கெட்டுக்குள் வெளியேறும். வெளியே நீட்டிய கப்பை வைஸில் கவ்விப் பிடித்து யோக்கை ஆட்டினால் கழன்றுவிடும். பிறகு திருப்பி, வெறும் கிராஸ் முனையைத் தள்ளி மற்றதையும் எடுங்கள். ஷாஃப்ட் குழாயை மட்டும் வைஸில் கவ்வவே கூடாது. அது மெல்லிய சுவர், லேசாக நசுங்கினாலே பேலன்ஸ் போய்விடும். யோக்கின் காதுகள் மேல் பலமாகச் சுத்தியலால் அடித்தாலும் காது வளையும், அப்புறம் எந்த ஜாயிண்டும் அதில் நேராக உட்காராது.

புதியதை ஏற்றுவது

யோக்கின் துளைகளைத் துடைத்து, பிசிறு இருந்தால் நைஸான உப்புத்தாளால் மட்டும் தேயுங்கள். ராவினால் துளை பெரிதாகி, கப் தளர்ந்து, பழைய சத்தமே திரும்பும். புது கப்புகளைத் திறந்து ஊசிகள் எல்லாம் சுவரோடு நிற்கின்றனவா என்று பாருங்கள், உள்ளே கொஞ்சம் கிரீஸ் தடவினால் அவை ஒட்டிக்கொண்டு நிற்கும். கிராஸில் கிரீஸ் நிப்பிள் இருந்தால், வண்டியில் ஏறிய பிறகும் கிரீஸ் கன் எட்டும் பக்கமாக அது இருக்கட்டும்.

கிராஸை யோக்குக்குள் நுழைத்து, ஒரு கப்பைத் துளையில் கையால் தொடங்கிவைத்து, கிராஸின் கையை அந்தக் கப்புக்குள் இழுத்து வையுங்கள். எதிர்க் கப்பையும் அப்படியே. பிறகு வைஸால் மெல்ல இறுக்குங்கள், நடுநடுவே கிராஸை அசைத்துக்கொண்டே இருங்கள். அசைவு திடீரென்று நின்றாலோ, கப் இன்னும் கொஞ்சம் போக வேண்டியிருக்க சர்க்ளிப் பள்ளம் தெரியாமல் நின்றாலோ, ஓர் ஊசி சாய்ந்து கப்பின் அடியில் படுத்திருக்கிறது. இங்கேதான் பலர் இன்னும் கொஞ்சம் பலமாக இறுக்குகிறார்கள். பலம் வேலைக்கு ஆகாது, ஊசி உடையும், புது ஜாயிண்ட் வந்த அன்றே பழசாகும். வெளியே எடுத்து ஊசியை நிமிர்த்தி மறுபடி தொடங்குங்கள்.

சர்க்ளிப் பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்ததும் ஜாயிண்டை அசைத்துப் பார்த்தால் அநேகமாக விறைப்பாக இருக்கும். யோக்கின் காதுகளை ஒரு மென்மையான சுத்தியலால் லேசாகத் தட்டினால் கப்புகள் கிளிப்பை ஒட்டிப் போய், அசைவு இலகுவாகும். நான்கு பக்கமும் சீராக, தட்டுப்படாமல் மடங்க வேண்டும்.

நிப்பிள் உள்ள வகைக்குக் கிரீஸ் அடிப்பது பெரிய விஷயம். என்.எல்.ஜி.ஐ 2 தரத்தில் உள்ள (கிரீஸின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்), அதிக அழுத்தம் தாங்கும் லித்தியம் கிரீஸ் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். நான்கு சீல்களிலிருந்தும் கிரீஸ் பிதுங்கி வரும்வரை மெதுவாக அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் ஷாஃப்டை அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்த்து மறுபடி அடியுங்கள். அந்த நாலாவது கப்தான் முதலில் காயும். ஷாஃப்டின் ஒரு பகுதி இன்னொன்றுக்குள் செருகும் ஸ்ப்லைன் இருந்தால் அதையும் துடைத்துக் கிரீஸ் தடவி, கோடு பார்த்துச் செருகுங்கள்.

திரும்ப மாட்டி ஓட்டிப் பார்ப்பது

கழற்றியதற்கு நேர் எதிர் வரிசை, கோட்டுக்குக் கோடு. கியர் பாக்ஸுக்குள் போகும் யோக்கின் வெளிப்பரப்பில் கொஞ்சம் எண்ணெய் தடவி, சீலைக் கிழிக்காமல் நேராகச் செருகுங்கள். பின்னால் கப்புகள் அதற்கான பள்ளத்தில், இரண்டு பக்க நாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். போல்ட் இறுக்கத்தை வண்டியின் கையேட்டில் பார்த்து டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து இறுக்கும் கருவி) வையுங்கள். பட்டை வகையின் சின்ன போல்ட்டுகளைக் கைப்பலத்தில் இறுக்கினால் கப் நசுங்கும், குறைவாக விட்டால் கழன்றுவிடும். பட்டையும் போல்ட்டும் புதிதாகப் போடுவது நல்லது. வழிந்த கியர் எண்ணெயை அளவு பார்த்து ஊற்றுவதை மறக்க வேண்டாம்.

ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முதலில் காலி இடத்தில் முன்னும் பின்னும் மாற்றி மாற்றி நகர்த்துங்கள். டொக் இல்லை என்றால் மெதுவாக வேகம் கூட்டுங்கள். புதிதாக அதிர்வு வந்தால் அதே வேகத்தில் தொடர்ந்து ஓட்டாமல் திரும்பி வந்து கோடுகளைச் சரிபாருங்கள். ஸ்ப்லைன் தப்பாகச் செருகப்பட்டிருக்கலாம், குழாயில் ஒட்டியிருந்த பேலன்ஸ் தகடு விழுந்திருக்கலாம், சென்டர் பேரிங் தகடுகள் இடம் மாறியிருக்கலாம். ஓடும்போது ஜாயிண்ட் உடைந்து முன் முனை தரையில் குத்தினால் ஷாஃப்ட் வண்டியையே எம்பவைக்கும், பக்கத்தில் போகும் பிரேக் குழாயையும் அடித்து நொறுக்கும். சத்தம் இன்னும் இருக்கும் வண்டியில் லோடு ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகாமல் இருக்க இதுவே போதுமான காரணம்.

சத்தம் குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை என்கிற நிலையும் வரும். பழைய வண்டிகளில் தளர்வு ஒரே இடத்தில் இருக்காது, ஜாயிண்டில் கொஞ்சம், ஸ்ப்லைனில் கொஞ்சம், டிஃப்ரென்ஷியலில் கொஞ்சம் என்று கூட்டு சேர்ந்திருக்கும். மறுபடி அடியில் படுத்து அதே முறுக்கிப் பார்க்கும் பரிசோதனையைச் செய்தால், இப்போது மிச்சம் இருப்பது எது என்று முன்பைவிடத் தெளிவாகத் தெரியும். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு எல்லா போல்ட்டுகளையும் ஒரு தடவை டார்க் ரெஞ்சால் தொட்டுப் பாருங்கள், நிப்பிள் வகை என்றால் அடுத்த எஞ்சின் ஆயில் மாற்றும்போதே ஜாயிண்டுக்கும் கிரீஸ் அடித்துவிடுங்கள்.